பார்வைக்கு அனுப்பு

காலையில் சின்னவன் வெப்சைட்டுகளின் பின்கட்டுக்குள் லாகின் செய்து போனபோது திரையின் இடப்பக்க மெனு சுருங்கிக் கிடந்தது. வழக்கமாக அது மளிகைக்கடை அலமாரி மாதிரி மேலிருந்து கீழ்வரை நிறைந்திருக்கும். பக்கங்கள், படங்கள், தோற்றம், ப்ளகின்கள், பயனர்கள், அமைப்புகள் என்று போய்க்கொண்டே இருக்கும். இன்றைக்குப் பக்கங்கள், படங்கள், என் விவரம். அதோடு சரி. குடியிருந்தவர்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டு போன பிறகு சுவரில் ஆணி மட்டும் மிச்சமிருக்கிற வீடு மாதிரி இருந்தது.

"ப்ளகின் ஏதோ முட்டிக்கிச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

இந்தத் தொழிலில் இருக்கிறவனுக்கு எது கெட்டாலும் முதல் சந்தேகம் ப்ளகின் மேல்தான். யாரோ எங்கோ எழுதி இலவசமாக விட்ட குட்டி நிரல்கள் அவை. ஒன்று படத்தை நகர்த்தும். ஒன்று படிவத்தை வாங்கிக்கொண்டுபோய்ச் சேர்க்கும். ஒன்று திருடனை விரட்டும். ஒரே வீட்டில் குடிவைத்தாலும் ஒன்றுக்கொன்று ஆகாது. ஒன்றைப் புதுப்பித்தால் இன்னொன்று கோபித்துக்கொண்டு படுத்துவிடும்.

வெளியே வந்து மறுபடி உள்ளே போனான். வேறு ப்ரவுசரில் போனான். செல்போனில் போனான். எங்கே போனாலும் அதே சுருங்கிய மெனு. எழுந்து ஜன்னல் மேலிருந்த ரௌட்டரை அணைத்தான்.

"தம்பி, நெட்ட ஏன் அணைச்சீங்க? படம் ஏறிக்கிட்டு இருந்துச்சு" என்றாள் எதிர் மேசையிலிருந்த அண்ணி.

"மெனு காணோம் அண்ணி."

"எந்த மெனு?"

"என் மெனு."

அண்ணி காதில் செல்போனை வைத்துக்கொண்டாள். மணி அடித்ததாக அவனுக்குக் கேட்கவில்லை.

அண்ணனும் தம்பியும் குடும்பத்தோடு இருந்த வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். மூன்று மேசை, ஒரு மின்விசிறி, எப்போதும் உர்ரென்று சத்தம் போடும் பேட்டரிப் பெட்டி. பிற கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் வெப்சைட் கட்டிக்கொடுப்பது தொழில். பெரியவன் வெளியே சுற்றி க்ளையண்ட் பிடித்து வருவான். சின்னவன் டிசைன் செய்து கட்டுவான். அண்ணி படம் ஏற்றுவாள், விலை மாற்றுவாள், போனில் திட்டு வாங்குவாள். ஊர் பார்க்கிற முன்பக்கம் ஒவ்வொரு க்ளையண்டுக்கும் தனித்தனி. செய்கிறவர்கள் புழங்குகிற பின்கட்டு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். சின்னவன் அப்படித்தான் கட்டியிருந்தான். ஒரே கதவு, ஒரே சாவி. கம்பெனிக்குப் பெயர்கூட அண்ணன் தம்பி இருவர் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்ததுதான். யார் எழுத்து முன்னால் வருவது என்று அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துச் சண்டை போட்டார்கள்.

ரௌட்டர் விளக்குகள் பச்சைக்கு வந்தன. மெனு வரவில்லை. சரி, வேலையையாவது பார்ப்போம் என்று திரைச்சீலைக் கடைக்காரரின் பக்கத்தைத் திறந்தான். அந்த மனிதருக்கு லோகோ எவ்வளவு பெரிதாக வைத்தாலும் போதாது. இன்றைக்கும் அண்ணியின் செல்போனில் அவர் குரல்தான் கேட்டது.

"இல்லீங்க சார். இதுக்கு மேல பெருசாக்கினா திரைச்சீலை தெரியாது சார், லோகோதான் தெரியும்... ஆமாங்க. சரிங்க. தம்பிகிட்ட சொல்றேன்." செல்போனைக் கீழே வைத்தாள். "இன்னும் கொஞ்சம் பெருசு வேணுமாம்."

"இனிமே அவர் கடைச் சுவத்துலதான் வரையணும்."

லோகோவைப் பெரிதாக்கிவிட்டு, மேலே வலது மூலையில் கையைக் கொண்டுபோனான். 'வெளியிடு' என்ற நீலப் பொத்தான் அங்கேதான் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு அழுத்துவான். இன்று அழுத்தப்போன விரல் நின்றது. பொத்தான் அதே நீலம்தான். எழுத்து வேறு. 'பார்வைக்கு அனுப்பு' என்றிருந்தது.

அந்த வார்த்தை அவனுடையதுதான். க்ளையண்டுகள் தாங்களே புழங்கட்டும் என்று பின்கட்டு முழுவதையும் அவன்தான் ஒருமுறை உட்கார்ந்து தமிழாக்கினான். 'சமர்ப்பி' என்று போடலாமா, 'அனுமதி கேள்' என்று போடலாமா என்று யோசித்து, கேட்கிறவனுக்குக் கௌரவக் குறைச்சலாக இருக்கக்கூடாது என்று 'பார்வைக்கு அனுப்பு' என்று வைத்தான். எழுதியதை நேரே வெளியிட அதிகாரமில்லாதவர்களுக்கு மட்டும் வருகிற பொத்தான் அது. வைத்தானே தவிர, அது திரையில் எப்படி இருக்கும் என்று அவன் பார்த்ததே இல்லை.

அப்போதும் அவன் ப்ளகினைத்தான் திட்டினான். பெரியவனைக் கூப்பிட்டான். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டான். எடுக்கவில்லை.

வெளியே மழை வருகிற மாதிரி இருண்டு, வராமல் புழுங்கிக்கொண்டிருந்தது. மத்தியானம் அவன் மனைவி வந்தாள். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசை வேலை. மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் போவாள். சமையலறையில் நின்றபடியே தட்டில் சோற்றைப் போட்டு, அவித்த முட்டையை உரித்துக்கொண்டு கேட்டாள்.

"என்ன, மூஞ்சி தொங்கிக் கெடக்கு?"

சொன்னான். அவள் முட்டையை உரித்து முடிக்கும்வரை கேட்டாள்.

"உங்க ப்ளகின் எல்லாம் எனக்குத் தெரியாது. எங்க ஆஸ்பத்திரில ஒரு டாக்டரோட ரூம் பூட்ட மாத்திட்டாங்க. அந்தாளு பாவம், சாவி துருப்பிடிச்சிருச்சுன்னு நெனச்சு எண்ணெய் விட்டுக்கிட்டு இருந்தாரு. கடைசில கூட்டறவங்கதான் போய்ச் சொன்னாங்க, உங்கள வேலைய விட்டு எடுத்துட்டாங்க சார்னு."

"இது அது இல்ல."

"எது அது இல்ல? உங்கண்ணன் உங்கள எறக்கிட்டாரு. சின்னப் புள்ளைக்குக்கூடப் புரியும்."

"அவன் ஏன் எறக்கப்போறான்?"

"ஸ்கேன் சென்டர்" என்றாள். முட்டையைக் கடித்தாள்.

ஸ்கேன் சென்டர் என்பது அந்த வீட்டில் யாரும் எடுக்காத பேச்சு. தளத்தைப் புதுப்பிக்கவேண்டுமென்றால் முதலில் ஒரு நகல் எடுத்து, நகலில் செய்து பார்த்து, சரியாக இருந்தால்தான் உண்மையான தளத்தில் கைவைக்க வேண்டும். எல்லாருக்கும் தெரிந்த முறை. சின்னவனுக்கும் தெரியும். ஆனால் அவன் செய்வதில்லை. நேரே லைவிலேயே கைவைப்பான். "என் தம்பி ஓடுற வண்டில சக்கரம் மாத்துவான்" என்று பெரியவனே க்ளையண்டுகளிடம் பெருமை அடித்திருக்கிறான். அப்படித்தான் ஒருநாள், பசி நேரத்தில், ஸ்கேன் சென்டர் தளத்தில் எல்லாவற்றையும் புதுப்பி என்று ஒரே அழுத்தாக அழுத்திவிட்டுச் சாப்பிடப் போனான். வந்து பார்த்தான். பக்கம் அழகாகத் திறந்தது. படம் வந்தது. எழுத்து வந்தது.

முன்பதிவுப் படிவம் மட்டும் செத்துப்போயிருந்தது. செத்ததைக் காட்டிக்கொள்ளவும் இல்லை. பெயரை வாங்கிக்கொண்டது, வயதை வாங்கிக்கொண்டது, 'உங்கள் பதிவு உறுதியானது, வெறும் வயிற்றுடன் வரவும்' என்று பதில் சொன்னது. ஸ்கேன் சென்டருக்கு ஒன்றையும் சொல்லவில்லை. ஆட்கள் வெறும் வயிற்றுடன் வந்தார்கள். உங்கள் பெயரே இல்லை என்றார்கள் கவுண்டரில். சண்டை போட்டவர்கள் போட்டார்கள். சர்க்கரை நோயாளி ஒருவர் சண்டை போடாமல், எப்படியும் கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்தே இருந்தார். உச்சி வெயிலில் எழுந்து படியிறங்கும்போது தலைசுற்றி விழுந்தார். இடுப்பெலும்பு போய்விட்டது. இன்னும் படுக்கைதான்.

ஸ்கேன் சென்டர்காரர் வந்து, இதே முன்னறையில் உட்காரக்கூட மாட்டேன் என்று நின்றபடி பேசிவிட்டுப் போனார். "நான் பாத்துக்கறேன், நீ இதுல வராத" என்றான் பெரியவன். பிறகு பேச்சே இல்லை. ஆறிப்போய்விட்டது என்று சின்னவன் நினைத்துக்கொண்டான். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

அவன் முன்னறைக்குப் போனான். அண்ணி மேசையில் இல்லை. கழுவுகிற இடத்தில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அவள் திரையை எட்டிப்பார்த்தான். மேலே அவள் பெயர், பக்கத்தில் 'திருத்துநர்'. அவள் மெனு சுருங்கவில்லை. முன்னைவிட நீண்டிருந்தது. அதில் புதிதாக 'காத்திருப்பவை' என்றொரு வரி. பக்கத்தில் சிவப்பு வட்டம். அமுக்கினான். திரைச்சீலைக் கடையின் பக்கம் வந்தது. லோகோ பெரிதாக, அவன் வைத்த இடத்தில். மேலே அவன் பெயர், பக்கத்தில் 'பங்களிப்பாளர்'. கீழே இரண்டு பொத்தான்கள். 'ஏற்றுக்கொள்', 'திருப்பி அனுப்பு'.

அண்ணி முந்தானையில் கை துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

"நான் கேட்டு வாங்கல தம்பி."

"யாரு குடுத்தா?"

"அவர் வரட்டும்."

அண்ணிக்கு மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவன் அவன்தான். வலது பக்கம் அமுக்குவதற்கும் இடது பக்கம் அமுக்குவதற்கும் வித்தியாசம் தெரியாமல் அவள் அழாத குறையாக உட்கார்ந்திருந்ததை அவன் இன்னும் சொல்லிச் சிரிப்பான். இப்போது சிரிப்பு வரவில்லை.

பெரியவன் வந்தபோது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தான். முன்னறையில் மூன்று பேரும் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தான்.

"சாப்டாச்சா எல்லாரும்?"

"சாப்பாட்ட விடு" என்றான் சின்னவன். "என்னை ஏன் எறக்கின?"

"நான் எறக்கல."

"அப்புறம் யாரு, ப்ளகினா? பொண்டாட்டிக்கு ஏத்தி விட்டிருக்க, தம்பிய எறக்கி விட்டிருக்க. வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லிட்டு எறக்க வேண்டியதுதான?"

"கத்தாத. வாசல்ல ஆள் போகுது."

"போகட்டும். எல்லாரும் பாக்கட்டும். இதுவும் லைவ்தான்."

பெரியவன் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தான். மேசைமேல் வைத்துத் திறந்து, ஒரு விரலால் தட்டித் தட்டி லாகின் செய்தான். அவன் எப்போதும் ஒரு விரலால்தான் தட்டுவான். திரையைத் தம்பி பக்கம் திருப்பினான்.

மெனு என்று ஒன்று இல்லவே இல்லை. வெள்ளைத் திரை. நடுவில் பெரியவனின் பெயர், மின்னஞ்சல், படம் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு தலை. கீழே 'பொறுப்பு: வாசகர்'.

"உனக்காவது எழுதிக் குடுக்க விட்டிருக்கான்" என்றான் பெரியவன். "என்னால படிக்கத்தான் முடியும்."

சின்னவன் திரையையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தான்.

"யாரு விட்டிருக்கான்?"

"நம்ம தொழில்லயே பெரிய கம்பெனிக்காரங்க. அந்தக் கண்ணாடிக் கட்டடம்." பெரியவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். "குடுத்துட்டேன்டா."

"எத?"

"எல்லாத்தையும். க்ளையண்ட், தளம், பேரு."

பேட்டரிப் பெட்டி மட்டும் உர்ரென்றது.

"ஸ்கேன் சென்டர் ஆளு வக்கீல வச்சுட்டாரு. விழுந்தவரோட பையனும் சேந்துக்கிட்டான். உன் பேரு, என் பேரு ரெண்டும் போட்டு. நான் போகாத எடமில்ல. கடைசில இவங்கதான், மொத்தத்தையும் எங்ககிட்ட விட்டுடுங்க, வழக்க நாங்க எடுத்துக்கறோம்னாங்க. அவங்ககிட்ட வக்கீல் இருக்கான், ஆளு இருக்கு. நம்மகிட்ட என்ன இருக்கு? இந்த விசிறி இருக்கு."

"என்னைக் கேக்கல நீ."

"கேட்டிருந்தா விட்டிருப்பியா?"

"விட்டிருக்க மாட்டேன்."

"அதான் கேக்கல."

"சொல்லவாவது செஞ்சிருக்கலாம்ல? மெனுவப் பாத்துத் தெரிஞ்சுக்கணுமா நான்? காலைலேருந்து ரௌட்டர அணைச்சு அணைச்சுப் போட்டுக்கிட்டு இருந்தேன். பைத்தியக்காரன் மாதிரி. இவங்க எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்திருக்காங்க."

அண்ணி தரையைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை உக்காந்து சொல்லலாம்னு இருந்தேன்" என்றான் பெரியவன். "அடுத்த வாரம்தான் மாத்துவோம்னாங்க. இன்னைக்கே மாத்திட்டாங்க. வேகமா வேலை செய்யறாங்க."

கடைசி வார்த்தையில் அவனையறியாமல் ஒரு மரியாதை இருந்தது. சின்னவனுக்கு அதுதான் பொறுக்கவில்லை. விருட்டென்று தன் மேசைக்குப் போனான்.

"இந்த மெனு எல்லாம் சும்மா பூச்சு. அடியில டேட்டாபேஸ்ல ஒரு வரி. அத மாத்தினா நான் திரும்ப நிர்வாகி. அவனுங்க எல்லாரையும் வாசகனாக்கிட்டு உக்காந்து பாப்பேன்."

"மாத்திப் பாரு" என்றான் பெரியவன், தடுக்காமல்.

சின்னவன் தட்டினான். அவனுக்கு மட்டும் தெரிந்த முகவரி, அவனுக்கு மட்டும் தெரிந்த கடவுச்சொல். உள்ளே போனான். போகத்தான் முடிந்தது. அட்டவணை அட்டவணையாக அடுக்கி வைத்திருந்த தரவெல்லாம் துடைத்து எடுக்கப்பட்டிருந்தது. வழித்த சட்டி மாதிரி இருந்தது உள்ளே.

"சர்வரையே மாத்திட்டாங்க" என்றான் பெரியவன். "இது பழைய எடம்."

சின்னவனின் மனைவி அதுவரை கதவில் சாய்ந்து நின்றவள், தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்: "இவர எதுக்கு வச்சிருக்காங்க மாமா? வேண்டாம்னா மொத்தமா விட்டுட வேண்டியதுதான?"

"டிசைன் புடிச்சிருக்காம். கை நல்ல கைன்னாங்க. லைவ்ல மட்டும் வைக்கக்கூடாதாம்."

"அப்ப எழுந்திருங்க" என்றாள் கணவனைப் பார்த்து. "வேற எடமா இல்ல? யாரோ பாத்து சரின்னு சொன்னாத்தான் ஒரு லோகோ ஏறும்னா, அந்த வேல எதுக்கு? எங்க ஆஸ்பத்திரிக்கே ஒரு சைட் வேணும்னு கேட்டுக்கிட்டு இருக்காங்க."

சின்னவன் எழுந்தான். எழுந்து செருப்பைத் தேடினான்.

"அவன் போக முடியாதும்மா" என்றான் பெரியவன். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "அவன் இருக்கணும்னு எழுதி வாங்கியிருக்காங்க. அவன் விலகினா வழக்கு நம்ம மேலயே திரும்பிடும். வெளில தனியா ஒரு சைட் கட்டினாலும் அப்படித்தான்."

"என் சார்பா நீ எழுதிக் குடுத்தியா?"

"குடுத்தேன்."

"என் கையெழுத்து?"

"அதையும் நான்தான் போட்டேன்."

சின்னவன் ஒரு செருப்பை மாட்டியபடியே நின்றான். மறு செருப்பு பெரியவனின் நாற்காலிக்கு அடியில் கிடந்தது. பெரியவன் குனிந்து அதை எடுத்துக் கொடுக்கப்போய், பாதியில் நிறுத்திக்கொண்டான். "அடிக்கணும்னா அடி" என்றான்.

"உன்ன அடிச்சு என்ன ஆகப்போகுது? விழுந்தவரு எந்திரிக்கப் போறாரா?"

அவன் மனைவி தட்டைக் கழுவப் போனாள். பாத்திரங்கள் தேவைக்கு மேல் சத்தம் போட்டன. பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வேலைக்குத் திரும்பிப் போனாள்.

அண்ணியின் கணினியில் டிங் என்று ஒலித்தது. அவள் போய்ப் பார்த்தாள். நின்றபடியே படித்தாள்.

"அவங்கதான். நம்ம சைட்ல 'எங்களைப் பற்றி' பக்கத்த மாத்தணுமாம். இன்னைக்கே வேணுமாம்." தயங்கினாள். "தம்பியத்தான் எழுதச் சொல்லியிருக்காங்க."

அந்தப் பக்கத்தில் அண்ணனும் தம்பியும் இதே முன்னறை ஜன்னலுக்குக் கீழே தோளில் கைபோட்டு நிற்கிற படம் இருந்தது. அண்ணி எடுத்த படம். அவள் நிழலும் ஓரத்தில் விழுந்திருக்கும். அதை வெட்டிவிடலாம் என்று பெரியவன் சொன்னபோது, இருக்கட்டும், அவங்களும் கம்பெனிதானே என்று சின்னவன் விட்டுவிட்டான்.

சின்னவன் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். படத்தைத் தேர்ந்தெடுத்து நீக்கினான். கண்ணாடிக் கட்டடத்தின் படம் ஏற்கெனவே வந்து கிடந்தது. அதைப் போட்டான். ஓரங்களைச் சரிசெய்தான். எழுத்துக்கும் படத்துக்கும் நடுவே இடம் குறைவாக இருந்தது. கொஞ்சம் கூட்டினான். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. நல்ல கைதான். பிறகு எழுதினான். 'நாங்கள் ஒரு பெரிய குடும்பத்தில் இணைந்துள்ளோம். உங்கள் தளங்கள் இனி மேலும் பாதுகாப்பான கரங்களில்.' இப்படிப்பட்ட வாக்கியங்களைக் கடைக்காரர்களுக்காக எத்தனையோ முறை எழுதியிருக்கிறான். எழுதுவதற்கு நேரமே பிடிக்கவில்லை. கடைசியில் ஒரு வரி சேர்த்தான். 'இதைத் தொடங்கியவர்கள் அண்ணன் தம்பி இருவர்.'

நீலப் பொத்தானை அழுத்தினான். எதிர் மேசையில் டிங்.

அண்ணி உட்கார்ந்து படித்தாள். அவளுக்கு எப்போதும் உதடு அசையாமல் படிக்க வராது. கடைசி வரியில் உதடு நின்றது.

"தம்பி... பழைய ஆளுங்களப் பத்தி எதுவும் வேண்டாம்னு போட்டிருக்காங்க."

"நீங்கதான் திருத்துநர். எடுங்க."

"நீங்களே எடுத்துட்டு அனுப்பிடுங்களேன். நான் எடுத்தா நல்லாயிருக்காது."

"நல்லாயிருக்காதுதான். எடுங்க."

அவள் கணவனைப் பார்த்தாள். பெரியவன் சுவரைப் பார்த்தான். மவுஸ் ஒருமுறை சத்தமிட்டது. சற்றுப் பொறுத்து இன்னொருமுறை.

"ஏறிடுச்சு" என்றாள்.

பெரியவன் செல்போனை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே பிடித்தான். விரலால் மேலும் கீழும் தள்ளினான்.

"எனக்குப் பழசுதான் தெரியுது. நம்ம படம் அப்படியே இருக்கே."

"உங்க போன் பழச எடுத்து வச்சிருக்கும்" என்றாள் அண்ணி. எழுந்து போய், அவன் கையிலிருந்து செல்போனை வாங்கினாள். சின்னவன் எப்போதோ கற்றுக்கொடுத்த மாதிரி, அமைப்புகளுக்குள் போய்ச் சேர்த்துவைத்ததையெல்லாம் துடைத்துவிட்டு, பக்கத்தை மறுபடி திறந்து அவனிடம் நீட்டினாள். "இப்ப பாருங்க."

பெரியவன் பார்த்தான். கடைசிவரை தள்ளித் தள்ளிப் படித்தான். அவனால் படிக்கத்தான் முடியும்.

"முன்னவிட வேகமாத் தெறக்குது" என்றான்.

சின்னவன் திரையைப் பார்த்தபடி, "உள்ள எதுவும் இல்லாட்டி வேகமாத்தான் தெறக்கும்" என்றான். அதற்குள் திரைச்சீலைக் கடைக்காரர் மறுபடி கூப்பிட்டுவிட்டார். அண்ணி எடுத்தாள்.